தேர்ட் குரூப்பில் எது? நாலு பாடம், ஒரு பஞ்சம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பிளஸ் ஒன் அட்மிஷன் மேசையில் உட்கார்ந்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "சார், தேர்ட் குரூப்ல எது ஈசி?" தேர்ட் குரூப் என்பது பிளஸ் ஒன்னில் கலை, வணிகப் பிரிவு. கேட்பது பெரும்பாலும் அம்மா. பிள்ளை பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பொருளியல் வாத்தியார். என் பாடத்துக்கு ஆள் சேர்ந்தால் எனக்கு வசதி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை நீங்கள் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாவது வரை சமூக அறிவியல் என்று ஒரே பாடம், ஒரே 100 மதிப்பெண். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் ஒரு மூட்டைக்குள். பிளஸ் ஒன்னில் மூட்டை அவிழ்கிறது. குடிமையியல் அரசியல் அறிவியல் என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தனியாக 100. ஆனால் நாலும் ஒரே பள்ளியில் கிடைப்பது அபூர்வம். பல ஊர்களில் தேர்ட் குரூப் என்றாலே வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல்தான். புவியியலும் அரசியல் அறிவியலும் வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போகவேண்டியிருக்கும்.

எது ஈசி என்பதற்குப் பதில் சொல்லாமல், தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். பாட்டிமார் வாயில் பேர் மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது. நாலு பாடமும் இதை நாலு விதமாகக் கேட்கும். பிள்ளைக்கு எந்தக் கேள்வி ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரலாறு கேட்பது: யார், எப்போது, எந்த முடிவை எடுத்தார்கள்? 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்துகிறார். இங்கே ஜனம் செத்துக்கொண்டிருக்கிறது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்கிறார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்று வெயிலில் மண் சுமக்கவேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்து எழுதுகிறார். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். இந்த இடத்தில் கண் விரிகிற பிள்ளை வரலாற்றுக்கு ஆள்.

புவியியல் மழையிலிருந்து தொடங்கும். பருவமழை ஏன் பொய்த்தது? 1877-இல் பசிபிக் கடலில் வலுவான எல் நினோ, அதாவது அங்கே கடல் வழக்கத்தைவிடச் சூடாகி இங்கே மழையைக் கெடுக்கும் நிலை. அதே மாகாணத்தில் பெல்லாரியும் கர்நூலும் சேலமும் வதங்கியபோது காவிரிப் பாசனத் தஞ்சாவூர் எப்படித் தாங்கியது? விடை வரைபடத்தில் இருக்கிறது.

பொருளியல், அதாவது என் பாடம், தானியத்தைவிட கூலியைப் பார்க்கும். மாகாணத்தில் அரிசியே இல்லாமல் போகவில்லை. கப்பலேறி வெளியே போனதும் உண்டு. விலை ஏறியது, வயல் வேலை நின்றது, கூலிக்காரன் கையில் காசில்லை. பஞ்சம் என்பது உணவு இல்லாமை என்பதைவிட உணவை வாங்கும் வழி இல்லாமை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் விளக்கியது இதைத்தான். நேர்மையாகச் சொன்னால், எங்கள் பாடநூல் இவ்வளவு தூரம் கூட்டிப்போகாது. தேவைக் கோடு, அளிப்புக் கோடு, சமநிலைப் புள்ளி, ஐந்து மதிப்பெண். மீதி வாத்தியார் கையில்.

அரசியல் அறிவியல் கேட்பது வேறு. ஓட்டு இல்லாத ஜனம் யாரிடம் போய்க் கேட்கும்? 1878-இல் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டச் சட்டம் வந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ரேஷன் அரிசி சலுகையா, உரிமையா? வீட்டில் செய்தி சேனல் ஓடும்போது அப்பாவோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு இதில் சேர்க்கலாம்.

இனி உழைப்புக் கணக்கு. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் மூன்றும் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. புவியியலுக்குச் செய்முறை உண்டு: எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கலைப்பிரிவிலும் ரெக்கார்டு நோட்டு இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. பள்ளியிலேயே கிடைக்கும் 30 மதிப்பெண்ணைத் தவறவிட்டுவிட்டு, "ஈசியா மார்க் வர்ற பாடம்" எங்கே என்று தேடுகிறார்கள்.

எழுதிக் கை வலிப்பது வரலாற்றில். 11-ஆம் வகுப்பில் சிந்துவெளியில் தொடங்கி ஆங்கிலேயருக்கு எதிரான ஆரம்பகாலக் கிளர்ச்சிகளைத் தாண்டிப் போகவேண்டும். 12-இல் விடுதலைப் போராட்டம், பிறகு ஐரோப்பா, பிரெஞ்சுப் புரட்சி, இரண்டு உலகப்போர். புக் பேக் கேள்விகளை மட்டும் நெட்டுரு போட்டால் பாஸ் ஆகலாம், அவ்வளவுதான். சென்டம், அதாவது நூற்றுக்கு நூறு, எண்ணிக்கையில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் ஆயிரக்கணக்கில் போகும். வரலாறு பட்டியலில் கீழேதான் நிற்கும். சென்டம் வெறி உள்ள வீடு இதைக் கவனிக்கவேண்டும். ஆனால் நாலில் கதை இருப்பதும் இதில்தான்.

என் பாடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கணக்குக்குப் பயந்து தேர்ட் குரூப்புக்கு ஓடி வந்தவனை, 11-ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும்: அணிகள், வகைநுண்கணிதம். 12-இன் கடைசிப் பாடத்தில் திட்டவிலக்கம், உடன்தொடர்பு. அதற்கு நேர்மாறாகவும் ஒரு பொறி. பொருளியல்தான் எதிர்காலம் என்று சேர்கிற கெட்டிக்காரப் பிள்ளை, கணிதம் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால் டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இந்த ஆசை உள்ளவர்களை நானே "ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் போ, பொருளியலை அப்புறம் காலேஜில் பார்த்துக்கொள்ளலாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வேலை பற்றிக் கேட்காத அப்பா இல்லை. பள்ளிகளில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வரலாறு, புவியியல் என்றுதான் ஆள் எடுக்கிறார்கள். பொருளியல் படித்தவன் முதுகலை ஆசிரியர் பணிக்குக் காத்திருக்கவேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்கு நாலும் கைகொடுக்கும், பள்ளிப் புத்தகங்கள்தான் அங்கே அடித்தளம். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண். நாலுமே அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் தடையில்லை, அரசியல் அறிவியல் படித்தால் அரசமைப்பு முன்னமே பழகியிருக்கும், அவ்வளவே.

சி.பி.எஸ்.இ.யோடு ஒப்பிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அங்கே வரலாறு தலைகீழ்: 11-இல் மெசபடோமியா முதல் உலக வரலாறு, 12-இல் ஹரப்பா தொடங்கி இந்தியா. சமூகவியல், உளவியல் என்று கூடுதல் கதவுகளும் உண்டு. பள்ளி அவற்றைத் திறந்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதே கேள்விதான் இங்கும். ஒரு பள்ளியில் அரசியல் அறிவியல் போர்டில் இருந்தது, வாத்தியார் இல்லை. வரலாற்று ஆசிரியரே இரண்டையும் சமாளித்தார். பிள்ளைகள் டிசம்பர் வரை கைடு வைத்து ஓட்டினார்கள். அட்மிஷன் பீஸ் கட்டுவதற்கு முன்னால் "இந்தப் பாடத்துக்குத் தனி ஸ்டாஃப் இருக்காங்களா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் விடை தெரிந்துவிட்டது.

வாத்தியார் எல்லாப் பாடத்துக்கும் இருந்தால் என் தேர்வு புவியியல். பொருளியல்காரன் சொல்வது என்பதால் நம்பலாம். மேசையில் பழைய டோபோஷீட் (மேடு பள்ளம், ஏரி, ஊர் எல்லாம் காட்டும் நில வரைபடம்) ஒன்றை மடித்து வைத்திருப்பேன், 1:50,000 அளவு; தாளில் இரண்டு சென்டிமீட்டர் நடந்தால் தரையில் ஒரு கிலோமீட்டர். மலைப்பக்கம் சம உயரக்கோடுகள் சீப்பில் சிக்கிய முடி மாதிரி நெருங்கிக் கிடக்கும். சமவெளிக்கு வந்தால் கோட்டைத் தேடவேண்டும். போன வருஷம் ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மா வணிகவியல் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா விரலை ஒரு நீலத் திட்டில் வைத்து, "சார், இது எங்க ஊர் ஏரிதானே? இப்ப இவ்வளவு பெருசு இல்லையே" என்றாள்.

அம்மா திரும்பி, "புவியியல் எடுத்தா பி.காம். கிடைக்காதுல்ல சார்?" என்றார்.

"பல காலேஜ்ல வணிகவியல் கேப்பாங்கம்மா" என்றேன். அது உண்மைதான். பாப்பா விரலை இன்னும் எடுக்கவில்லை.