குழு வகுப்புக்கு யமஹா ஒய்ஆர்எஸ்-24பி ரெக்கார்டர்: வாங்கலாமா?

ரெக்கார்டர் என்றதும் ஒலிப்பதிவு செய்யும் பெட்டிதான் பலருக்கு நினைவு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. நேராகப் பிடித்து, அலகு போன்ற முனையை உதட்டில் வைத்து ஊதும் குழலும் அதே பெயரில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து இசை வகுப்பு தொடங்கும் குழுக்கள் முதலில் மொத்தமாக வாங்குவது பெரும்பாலும் இந்தக் குழலைத்தான். காரணம் எளிது. மூங்கில் புல்லாங்குழலில் உதடு அமைந்து ஒலி பிறக்கவே நாள்கணக்கில் ஆகும். கிட்டார் என்றால் விரல்நுனி வலிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் முன் யாராவது உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சுருதி சேர்க்க வேண்டும். ரெக்கார்டர் முதல் நிமிடத்திலேயே ஒலிக்கும். ஒலி வந்துவிட்டதால் வாசிக்கத் தெரிந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் குழு வகுப்புக்கு யமஹாவின் ஒய்ஆர்எஸ்-24பி தாராளமாக வாங்கலாம். அதே தோற்றத்தில் வரும் ஒய்ஆர்எஸ்-23 வேண்டாம்.

இரண்டும் சொப்ரானோ, அதாவது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சிறிய ரெக்கார்டர்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். தலை, உடல், அடி என மூன்று துண்டுகளாகக் கழலும். வேறுபாடு விரல்முறையில், அதாவது எந்த ஸ்வரத்துக்கு எந்தத் துளைகளை மூடுவது என்பதில் இருக்கிறது. 23 ஜெர்மன் முறை, 24பி பரோக் முறை. 1920-களில் ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் என்பவர், எஃப் ஸ்வரத்தை (மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துதான் பெயர்) எளிதாக்கத் துளைகளின் அளவை மாற்றினார். ஜெர்மன் குழலில் மேலிருந்து நான்கு துளைகளையும் பின்னால் கட்டைவிரல் துளையையும் மூடினால் எஃப் வந்துவிடும். பரோக் குழலில் அதோடு ஆறாவது, ஏழாவது துளைகளையும் மூடி, நடுவில் ஐந்தாவதை மட்டும் திறந்துவைக்க வேண்டும். முதல் பார்வைக்கு ஜெர்மன் முறைதான் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று தோன்றும், கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் எஃப்-ஐவிட அரை ஸ்வரம் உயர்ந்த எஃப் ஷார்ப் வந்ததும் அந்தச் சலுகை தீர்ந்துவிடும். பரோக்கில் சுத்தமாக விழும் அந்த ஸ்வரம் ஜெர்மன் குழலில் சுருதி பிசகும், சரிசெய்யக் கூடுதல் துளைகளை மூட வேண்டும். ஜி மேஜர், டி மேஜர் என்ற இரண்டு மேளங்களிலும் எஃப் ஷார்ப் உண்டு. தொடக்கப் பாடங்களில் பல அந்த இரண்டு மேளத்தில்தான் இருக்கும். தவிர, அடுத்த கட்டத்தில் ஆல்டோ, டெனர் என்ற பெரிய ரெக்கார்டர்களுக்குப் போனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பரோக். கற்ற விரலை மறந்து மறுபடி கற்பதைவிட முதலிலேயே இரண்டு விரலைக் கூடுதலாக வைக்கப் பழகுவது மேல்.

நன்கொடையாகப் பழைய குழல்கள் வந்து குவிந்தால் எது எந்த வகை என்று பிரித்தாக வேண்டும். முன்பக்கத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். ஐந்தாவது, நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால் ஜெர்மன். ஐந்தாவது பெரிதாக இருந்தால் பரோக். ஒரே வகுப்பில் இரண்டையும் கலந்தால், ஆசிரியர் காட்டும் எஃப் பாதிப் பேருக்குத் தப்பாக ஒலிக்கும். எவர் விரலில் பிழை என்று தேடியே அரை மணி போய்விடும்.

மூன்று துண்டாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. அடித்துண்டைத் திருப்பி வைக்கலாம். கடைசித் துளை மற்றவற்றின் நேர்க்கோட்டிலேயே நின்றால் வலது சுண்டுவிரல் எட்டாது. அதைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் சின்னக் கைக்கும் எட்டும். ஒரே துண்டாக வார்த்த மலிவுக் குழல்களில் இந்த வழி கிடையாது. ஆறாவது, ஏழாவது இடங்களில் துளை இரட்டையாக இருக்கும், இரண்டையும் சேர்த்து மூட வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளின் விரல் இதற்குப் போதாது. அவர்களை எல்லாத் துளையும் மூட வேண்டிய கீழ் சி-க்கு இழுக்காமல் தாளக் கருவிகளில் வைத்திருப்பது நல்லது.

முதல் நாள் கவனிக்க வேண்டியது கை. இடது கை மேலே, வலது கை கீழே. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை தானாகவே வலது கையை மேலே வைக்கும். அதை முதல் வகுப்பில் திருத்தாவிட்டால் பத்தாவது வகுப்பில் திருத்த முடியாது. பி, ஏ, ஜி மூன்றுக்கும் இடது கை மட்டும் போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடினால் பி, நடுவிரல் சேர்ந்தால் ஏ, மோதிரவிரலும் சேர்ந்தால் ஜி. இந்த மூன்றில் குறைந்தது மூன்று வாரம் நிற்கலாம். ஏ நன்றாக வந்து ஜி கீச்சிட்டால் பெரும்பாலும் மோதிரவிரல் துளையை முழுதாக மூடவில்லை என்று அர்த்தம். விரலை எடுத்து நுனியைப் பாருங்கள். சதையில் முழு வட்டமாகத் தடம் விழுந்திருந்தால் மூடியிருக்கிறது. பிறை போல் விழுந்திருந்தால் காற்று கசிந்திருக்கிறது. பிள்ளைகளே ஒருவர் விரலை ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், ஆசிரியர் இருபது பேரிடமும் போக வேண்டியதில்லை.

அடுத்தது மூச்சு. ரெக்கார்டரில் பலமாக ஊதினால் ஒலி கூடுவதோடு சுருதியும் ஏறும். இன்னும் ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிக் கிறீச்சிடும். மெல்ல ஊது என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் முன் அதன்மேல் ஹா என்று ஆவி விடுவோமே, அந்த மூச்சு என்றால் உடனே புரியும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தொடங்க வேண்டும். இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வசதி அதிகம். பல்லின் பின்புறம் நாக்கு பட்டு எழும் ‘து’ நம்மிடம் தயாராக இருக்கிறது. ‘டு’ என்று சொன்னால் நாக்கு மடங்கித் தொடக்கம் தடித்துப்போகும். ‘ஹு’ என்று மூச்சிலேயே தொடங்கினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழையும். வாயில் குழல் இல்லாமல் ‘து து து’ என்று தாளத்தோடு சொல்லவைத்துவிட்டுப் பிறகு ஊதச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

குழுவாக வாசிக்கும்போது ஒரு தொல்லை உண்டு. இரண்டு சொப்ரானோக்கள் சற்றே விலகிய சுருதியில் ஒலித்தால், அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டில் மூன்றாவதாக ஒரு ரீங்காரம் காதுக்குள் கேட்கும். இருபது குழலில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டார் புகாருக்கும், ஆசிரியர் தலைவலிக்கும் வேர் இதுதான். பிள்ளைகளின் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஊதவிடாதீர்கள். மற்றவர்கள் தாளம் போடட்டும், ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே குழலை மோவாயில் வைத்து விரலை மட்டும் நகர்த்தட்டும். பிறகு வரிசை மாறலாம். இன்னொன்று, குளிர்ந்த குழல் சுருதி தாழ்ந்து ஒலிக்கும், சூடேற ஏற உயரும். வகுப்புக்கு முன் ஐந்து நிமிடம் தலைத்துண்டை உள்ளங்கையில் பொத்தி வைத்தால் எல்லாம் ஓரளவு ஒரே நிலைக்கு வரும். அப்புறமும் ஒருவருடையது உயர்ந்தே நின்றால், தலைத்துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் இறங்கும். முழுதும் செருகிய பிறகும் தாழ்ந்து நிற்கும் குழலை இப்படி ஏற்ற வழியில்லை. ஆகவே உயர்ந்து நிற்பவர்கள்தான் இறங்கிவர வேண்டும்.

பதினைந்து நிமிடம் வாசித்ததும் ஒலி அடைத்துக் கரகரக்கும். எச்சில் என்று பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். உண்மையில் வெதுவெதுப்பான மூச்சின் ஈரம் குளிர்ந்த காற்றுப்பாதையில் துளியாகப் படிவதுதான் அது. தலைத்துண்டின் ஜன்னலை, அதாவது ஊதுமுனைக்குக் கீழே உள்ள சதுரத் திறப்பை, விரலால் லேசாக மறைத்து ஒரு முறை பலமாக ஊதினால் துளி வெளியேறும். ஜன்னலின் கூரிய விளிம்பில் விரல் அழுந்தக் கூடாது, ஒலி பிறப்பதே அந்த விளிம்பில்தான். ஊசி, குச்சி என்று எதையும் உள்ளே விடக் கூடாது. அடிக்கடி அடைத்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதையில் விட்டு, துடைக்காமல் காயவிடுங்கள். அதன்பின் ஈரம் துளியாகத் திரளாமல் வழிந்துபோகும்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் நெளியும். ஆல்கஹால் கலந்த கிருமிநாசினியை இந்தப் பிளாஸ்டிக்கில் தவிர்ப்பதே நல்லது, நாளடைவில் மயிரிழை விரிசல் விடலாம். ஒரு குழலை இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் மாற்றி ஊதும் ஏற்பாடு எந்தச் சிக்கனத்துக்காகவும் வேண்டாம். இருபது பேருக்கு இருபத்துமூன்று வாங்குங்கள். மறந்துவிட்டு வருபவர், உடைத்தவர், புதிதாகச் சேர்ந்தவர் என்று அந்த மூன்றும் எப்போதும் வேலையில் இருக்கும்.

துண்டுகள் சேரும் இடத்தில் பூசும் கிரீமை மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் வழுக்கி, வாசிக்கும்போதே அடித்துண்டு தரையில் விழும். கழற்றும்போது திருகிக் கழற்ற வேண்டும். நேராக இழுத்தால் பொருத்து முனை தேயும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் திட்டமென்றால், ஒரே எண்ணை மூன்று துண்டிலும் அழியாத மையில் எழுதுங்கள். தலையில் மட்டும் எழுதினால் பருவ முடிவில் தலைகள் இருபதும் வரும், அடித்துண்டுகள் பதினான்குதான் வரும். அதிகம் காணாமல் போவது அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. மேல் ஸ்தாயியில் இதன் ஒலி கூர்மையாகக் கத்தும். சிறிய அறையில் அது காதைத் துளைக்கும். மெதுவாகத் தொடங்கி வளர்த்து முடிக்கும் வாசிப்புக்கும் இடம் குறைவு, மூச்சை மாற்றினால் சுருதியும் மாறிவிடும். நல்ல மரக்குழலோடு ஒப்பிட்டால் நாதம் தட்டை. ஆனால் மரத்துக்கு எண்ணெய் பூச வேண்டும், புதிதில் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் வாசித்துப் பழக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் பையில் அது ஒரு மாதம் தாங்காது.

பதின்வயதினருக்கு இதைக் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிப்பார்கள், பெரிய விரலுக்குத் துளைகளும் நெருக்கம். அவர்களுக்கு அதே யமஹாவின் ஆல்டோ, ஒய்ஆர்ஏ-28பி பொருத்தம். ஒலி தாழ்ந்து மென்மையாக இருக்கும், குழுவின் கீச்சையும் தணிக்கும். விரல் வைப்பு அதேதான், ஸ்வரப் பெயர் மட்டும் மாறும். எல்லாத் துளையும் மூடினால் சொப்ரானோவில் சி, ஆல்டோவில் எஃப். ஒரே தாளைப் பார்த்து, அதே விரல் வைப்பில் இரண்டு குழலும் வாசித்தால் இரண்டு வேறு மேளம் கேட்கும். ஆகவே ஆல்டோ வாங்கும் அன்றே அதற்குத் தனியாக எழுதிய தாளும் தயாராக இருக்கட்டும்.