ஓய்வு பெற்ற போர் விமானம்: நிறுத்தி வைப்பதா, உருக்குவதா, மீண்டும் பறக்க விடுவதா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டின் அலுமினியச் சன்னல் சட்டத்தில், இரும்புத் திருகாணி இறங்கிய இடங்களைச் சுற்றி மட்டும் வெள்ளை மாவு பூத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் மாவு போய்விடும். அடியில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் அப்படியே நிற்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களுக்கு இடையே சிறு மின்கலத்தில் நடப்பது போன்ற வினை நடந்து, அலுமினியம் அரித்துப் போகிறது. அலுமினியக் கலவைத் தகடும் எஃகு போல்ட்டுமாகக் கட்டப்பட்ட போர் விமானத்துக்கும் இதே கதிதான் என்பதால், போருக்குப் பிறகு விமானங்களை என்ன செய்வது என்ற கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது மண்ணும் மழையும்தான்.

1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கா அரிசோனா பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். டூசான் நகரை ஒட்டிய டேவிஸ்-மாந்தன் தளத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். நம் கடலூர், புதுச்சேரிக் கரையில் அது 1,200ஐத் தாண்டும். அங்கே தரை சுண்ணாம்பு இறுகிக் கெட்டியாக இருப்பதால், கனத்த குண்டுவீச்சு விமானத்தைக்கூடக் கான்கிரீட் தளம் போடாமல் மண்ணிலேயே நிறுத்தலாம். எஞ்சினில் காப்பு எண்ணெய் செலுத்தி, இடுக்குகளையும் கண்ணாடிகளையும் மூடி வைத்த பி-29 குண்டுவீச்சு விமானங்கள் பல, 1950இல் கொரியப் போர் மூண்டதும் மீண்டும் பணிக்கு எடுக்கப்பட்டன. ஆனால் நிறுத்தி வைப்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமானால், அந்த வகை விமானம் நாளைக்கும் தேவைப்பட வேண்டும். ஜெட் எஞ்சின் வந்துவிட்ட காலத்தில், பெரும்பாலான விமானங்களுக்கு அந்த நாளை இல்லை.

அதனால்தான் அதே மாநிலத்தின் கிங்மேனில் கதை வேறு விதமாக முடிந்தது. 1946இல் அங்கு நின்ற 5,437 விமானங்களை ஒரே ஒப்பந்தக்காரர் ஏறத்தாழ 27.8 லட்சம் டாலருக்கு வாங்கினார். சராசரியாக ஒரு விமானம் சுமார் 500 டாலர். அதில் பி-17 என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் புதிதாகக் கட்ட இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. எஞ்சினையும் பயன்படும் கருவிகளையும் கழற்றிய பிறகு, எஞ்சிய கூட்டை வெட்டித் துண்டாக்கி உலைக்கு அனுப்பினார்கள். கடலூர் முதுநகரில் பழைய இரும்புக் கடைக்கு ஓர் அலுமினியக் குண்டானைக் கொண்டுபோனால், இரும்புக் கைப்பிடியையும் ரிவெட்டையும் சுத்தியலால் தட்டி எடுத்த பிறகுதான் தராசில் வைப்பார்கள். கிங்மேனில் அந்த வேலையை வெப்பம் செய்தது. அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியசிலேயே உருகி வழிந்தோடிவிடும்; எஃகு உருக அதைப் போல் இரு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும் என்பதால் அது உலையிலேயே தங்கிவிடும். வரலாற்று ஆர்வலர்கள் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று வருந்துவதை நான் ஏற்பதில்லை. வீடு கட்டவும் பாத்திரம் வார்க்கவும் உலோகம் தேவைப்பட்ட நேரத்தில், ஐந்தாயிரம் விமானங்களுக்குக் காவல் போட்டு யார் சம்பளம் கொடுப்பது?

நினைவுச் சின்னமாக நிறுத்துவது பலருக்கும் பிடித்த வழி. எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவு. உலைக்குப் போகவிருந்த மெம்பிஸ் பெல் என்ற பி-17ஐ 1946இல் மெம்பிஸ் நகரம் 350 டாலர் கொடுத்து மீட்டது. பின்னர் பல்லாண்டுகள் வெட்டவெளியில் நின்று மழையாலும் பொருள் திருடுவோராலும் சிதைந்த அதைச் சீர்செய்து, ஒஹாயோவில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது 2018 ஆகிவிட்டது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் 2017இல் ஓய்வு பெற்ற டியு-142 கண்காணிப்பு விமானம் இன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் அப்படி ஒன்று நின்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுச் சன்னலைக் காட்டலாம். எங்கள் பக்கத்தில் விமானம் வைத்தே தீர வேண்டுமென்றால், போர்க்கால ஓடுபாதை இன்னும் கிடக்கும் உளுந்தூர்பேட்டையில், கூரைக்குக் கீழே வைக்கட்டும்.

எஞ்சியது மறுபயன்பாடு. டக்கோட்டா என்ற சரக்கு விமானத்தின் விஷயத்தில் தயக்கமே இல்லை: இரண்டு எஞ்சின், அகலமான கதவு, சுமாரான ஓடுபாதையிலும் இறங்கும் உறுதி. போர் உபரியாக மலிந்து கிடைத்த அந்த விமானங்களை வைத்துத்தான் நம் நாட்டில் பல விமான நிறுவனங்கள் தொடங்கின. நான்கு எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்ற வேண்டிய, குறுகிய உடல் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தை வணிகர்கள் அவ்வளவாக விரும்பவில்லை. கான்பூரில் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற லிபரேட்டர்களை, வேறு எவரும் பயன்படுத்தக் கூடாதென்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். பார்த்தால் அது வெறும் பழைய உலோகக் குவியல். அந்தக் குவியலில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்குப் பொருத்தி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழுச் சீரமைப்பு அங்கே நடந்தது. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு லிபரேட்டருடன் உருவானது. 1968 இறுதிவரை அவை பணியில் இருந்தன.

பதினெட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட அந்த வகையில், மற்ற நாடுகள் தம்முடையவற்றைப் பெரும்பாலும் உருக்கி முடித்திருந்தன. அருங்காட்சியகங்கள் ஒரு முழு லிபரேட்டரைத் தேடியபோது இந்தியாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது. டேவிஸ்-மாந்தன் தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பீமா அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர், அந்தப் பாலைவனத்தில் பாதுகாக்கப்பட்டதன்று. நம் விமானப்படையில் பறந்து ஓய்ந்து, 1969இல் இங்கிருந்து அங்கே போனது.