கேரவனுக்கு எந்த டோ பார்? மூன்றில் இரண்டை மாட்டிப் பார்த்த கதை

கேரவன் வாங்கும்போது படுக்கை எத்தனை, அடுப்பு எந்தப் பக்கம், ஜன்னல் திறக்குமா என்று நாள்கணக்கில் பார்த்தோம். அதை இழுக்க வண்டியின் பின்னால் மாட்டும் இணைப்பான டோ பாரைப் பற்றி யோசித்தது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி, டீசல் எஞ்சின், எதைக் கட்டினாலும் இழுக்கும் என்கிற தைரியம். அந்தப் பத்து நிமிட முடிவுதான் ஒன்றரை வருஷம் கழித்து, மாட்டியதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்ட வைத்தது. அதனால் இது நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நான் ரிசீவர் என்ற வகையின் பக்கம், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். டோ பாரின் நுனியில் இருக்கும் உருண்டையை ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதினால் கறக்கிற பால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆகவே இங்கே அது குண்டு. கேரவன் அந்தக் குண்டின் மேல் அமுக்கும் எடை மூக்குப் பாரம்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, தட்டையான முகப்பில் இரண்டு அல்லது நான்கு போல்ட்டால் குண்டை முடுக்கி வைக்கும் நிலையான வகை. இரண்டு, அன்னத்தின் கழுத்து போல வளைந்து வந்து, சாவி போட்டுத் திருகினால் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும் ஸ்வான் நெக். மூன்று, ரிசீவர்: வண்டிக்கு அடியில் 2 அங்குலச் சதுரக் குழாய், அதற்குள் குண்டு பொருத்திய ஒரு நாக்கைச் செருகிக் குறுக்கே ஒரு பின் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. முந்தின வண்டியில் முதல் வகை இருந்தது. இந்த வண்டியில் இரண்டாவதை மாட்டி, இப்போது மூன்றாவதில் நிற்கிறேன்.

எது அதிகம் இழுக்கும் என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று வகையிலும் வேண்டிய திறனுக்குக் கிடைக்கும். டோ பாரில் ஒட்டியிருக்கும் தகட்டில் டி மதிப்பு என்று ஒன்றும் எஸ் மதிப்பு என்று ஒன்றும் இருக்கும், அதைப் பாருங்கள். டி என்பது டோ பார் தாங்கும் இழுப்பு விசை. வண்டியின் மொத்த அனுமதி எடை 3 டன், கேரவன் 2 டன் என்றால் வேண்டிய டி 9.81 × 3 × 2 ÷ 5 (இரண்டு எடையின் கூட்டல்), அதாவது ஏறக்குறைய 11.8 கிலோ நியூட்டன். தகட்டில் இருப்பது அதைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். எஸ் என்பது குண்டு தாங்கும் மூக்குப் பாரம், கிலோவில். வண்டிக்கென்று தனியாக ஒரு வரம்பு இருக்கும். டோ பார், வண்டி, கேரவனின் கப்ளர் (குண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குண்டின் உயரம்.

ஐரோப்பிய விதிப்படி சாதாரணக் கார்களில் பாரம் ஏற்றிய நிலையில் குண்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கேரவன்களும் அந்த உயரத்தை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. ஆனால் ஆஃப் ரோடு வகை என்று பதிவான வண்டிகளுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. சலுகை மாதிரித் தெரிந்தாலும் நம் தலைவலி அங்கேதான் ஆரம்பம். அந்த வண்டிகளின் டோ பார் வண்டியின் உயரத்துக்கேற்ப உயர்ந்து நிற்கும், கேரவனோ தன் பழைய உயரத்திலேயே இருக்கும். இதற்கு மேல் நாம் சஸ்பென்ஷனை 5 செ.மீ. தூக்கி, டயரையும் 5 செ.மீ. விட்டம் பெரிசாகப் போட்டால் மொத்தம் 7.5 செ.மீ. கூடிவிடும் (டயரில் பாதிதான் உயரமாகச் சேரும்). நான் இரண்டையும் செய்திருந்தேன்.

ஸ்வான் நெக்கை மாட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் "ஸ்டாண்டர்ட் உயரம்தான், கவலைப்படாதீங்க" என்றார்கள். நானும் அளக்கவில்லை. முதல் நீண்ட பயணத்தில் சாயங்காலம் வண்டியை நிறுத்தி, கேரவனைக் கழற்றாமலே உள்ளே போய் டார்ச்சை மேஜை மேல் வைத்தேன். அது மெதுவாக உருண்டு பின்பக்கம் விழுந்தது. தரை சமமான தரைதான். வெளியே வந்து பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்னுடையது இரட்டை அச்சு. நான்கு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். முன்னால் இரண்டும் வெதுவெதுப்பு, பின்னால் இரண்டும் கையை வைத்திருக்க முடியாத சூடு.

மறுநாள் டேப் பிடித்து அளந்தேன். பாரம் இல்லாமல் குண்டு 53 செ.மீ., குடும்பமும் சாமானும் ஏறியபின் 50, கேரவனை மாட்டியபின் 48. கேரவன் சமமாக நிற்க வேண்டியது 42இல். ஆறு செ.மீ. வித்தியாசம் கோணமாகப் பார்த்தால் ஒரு டிகிரிகூட வராது, யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். ஆனால் கப்ளரிலிருந்து அச்சு வரை 4 மீட்டர், இரண்டு அச்சுக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் முன் அச்சு பின் அச்சைவிட 1.2 செ.மீ. மேலே போய்விடுகிறது. ரப்பரை முறுக்கி வேலை செய்யும் கேரவன் சஸ்பென்ஷனின் மொத்த அசைவே சில சென்டிமீட்டர்தான், அதில் 1.2 என்பது சின்ன விஷயமில்லை. பாரம் பின் அச்சுக்கு நகர்கிறது, தாங்கும் புள்ளி பின்னால் போவதால் மூக்குப் பாரமும் கூடுகிறது. நான் வீட்டில் சமமாக வைத்து அளந்து எழுதிவைத்த மூக்குப் பாரம் ரோட்டில் இருந்ததே இல்லை! ஒற்றை அச்சு கேரவன் இந்த விஷயத்தில் ரொம்பவே மன்னிக்கும். இரட்டை அச்சு மன்னிக்காது.

ஸ்வான் நெக்கில் இதற்கு வழியே கிடையாது. கழுத்து ஒரே துண்டு, கீழே இறக்க முடியாது. அதில் நான் கண்ட ஒரே பெரிய குறை இதுதான், ஆனால் ஒட்டுமொத்த முடிவையும் அதுவே மாற்றிவிட்டது. ரிசீவரில் கதையே வேறு. நாக்கை மட்டும் மாற்றினால் போதும். 5, 10, 15 செ.மீ. இறக்கம் உள்ள நாக்குகள் தனித்தனியாகவும் கிடைக்கும், ஓட்டை ஓட்டையாக ஏற்றி இறக்கும் நாக்கும் கிடைக்கும். நான் இரண்டாவதை எடுத்தேன். வண்டியில் முழுப் பாரம் ஏற்றி, டாங்க் நிரப்பி, சமதரையில் நிறுத்தி, கேரவனையும் பயணத்துக்குப் போவது போலவே சாமான் ஏற்றி, மூக்குச் சக்கரத்தால் சேஸிஸ் சமமாகும் வரை ஏற்றி இறக்கி, அப்போது கப்ளர் நிற்கும் உயரத்துக்குக் குண்டை அமைத்தேன். மாட்டியபின் வண்டியின் பின்பக்கம் இறங்கும் அந்த 2 செ.மீ.யைக் கணக்கில் சேர்க்க மறந்து மறுபடி ஒருமுறை கழற்றி மாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமமாகவோ, மூக்கு ஒரு துளி கீழேயோ இருக்கலாம், மேலே மட்டும் வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இழுக்கும்போது எந்த உயரத்தில் ஓட்டுவீர்களோ அந்த உயரத்தில் வைத்து அளங்கள்.

அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு ஓட்டம். நான்கு டயரும் ஒரே சூடு.

இன்னொரு காரணமும் உண்டு, அது ஃபோர் வீல் டிரைவ்காரர்களுக்கு மட்டும். சேற்றில் மாட்டினால் குண்டில் கயிற்றைக் கட்டி இழுக்கவே கூடாது. குண்டு அந்த மாதிரித் திடீர் இழுப்புக்குச் செய்யப்பட்டதல்ல. பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிர் போகும். ரிசீவரில் நாக்கைக் கழற்றிவிட்டு அதே குழாயில் ஷேக்கிள் கட்டையை (கயிறு மாட்டும் வளையம் உள்ள கட்டை) செருகிவிடலாம், இழுப்புக்கு அளவான ஒரு பிடிமானம் கிடைத்துவிடுகிறது. நாக்கு இல்லாதபோது மேட்டிலிருந்து இறங்கும் இடத்தில் பின்பக்கம் தரை தட்டுவதும் குறையும். சதுரக் குழாய் கீழேயேதான் இருக்கும், ஸ்வான் நெக் அளவுக்குச் சுத்தமாக மறையாது.

ரிசீவரின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது லொடலொடப்பு. குழாய்க்கும் நாக்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி காலியாகப் போகும்போது ஒவ்வொரு குழியிலும் கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டும். இறுக்கிப் பிடிக்கும் ஒரு யு வடிவக் கிளாம்ப் போட்டபின் முக்கால்வாசி அடங்கியது, முழுசாக இல்லை. இரண்டாவது, குண்டு பின்னால் தள்ளிப் போகிறது. என் வண்டியில் பின் அச்சிலிருந்து 1.20 மீட்டராக இருந்தது 1.34 ஆயிற்று. 150 கிலோ மூக்குப் பாரத்துக்கு, 2.80 மீட்டர் வீல்பேஸில், முன் சக்கரங்கள் இழக்கும் எடை 64 கிலோவிலிருந்து 72 ஆகிறது. எட்டு கிலோ பெரிசில்லை. ஆனால் பின்னால் தள்ளத் தள்ள, கேரவன் பக்கவாட்டில் ஆடும்போது வண்டியின் வாலை அசைக்க அதற்கு நீளமான நெம்புகோல் கிடைக்கிறது. ஆகவே தேவைக்கு மேல் நீளமான நாக்கை வாங்காதீர்கள். பின்கதவு திறக்கவும் கப்ளர் இடிக்காமல் திரும்பவும் இடம் இருந்தால் போதும்.

மூன்றாவது குறை நாக்கோடு இலவசமாக வரும் குண்டு. அது பல சமயம் 2 அங்குலக் குண்டு, அதாவது 50.8 மி.மீ. கப்ளர் 50 மி.மீ. என்றால் இரண்டும் ஒன்றல்ல, தட்டி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். கேரவன் கப்ளரில் ஆட்டத்தை அடக்க உராய்வுப் பட்டை வைத்த ஸ்டெபிலைசர் இருந்தால் கழுத்து நீண்ட குண்டுதான் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது கப்ளர் அடித்தட்டில் இடிக்கும். குண்டில் பெயின்ட் இருந்தால் உரசி எடுக்க வேண்டும், கிரீஸ் தடவவே கூடாது. ஸ்டெபிலைசர் இல்லாத சாதா கப்ளருக்கு நேர்மாறு, அதற்கு கிரீஸ் வேண்டும்.

நிலையான வகையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம், நியாயம்தான். விலை குறைவு, சத்தம் கிடையாது, கழன்று விழ எதுவுமில்லை, அதிலும் உயரத்தை இறக்கும் தட்டு போடலாம். வண்டி கேரவன் இழுப்பதற்கு மட்டும்தான், மண் ரோட்டில் இறங்குவதே இல்லை என்றால் நானே அதைத்தான் சொல்வேன். இறக்கத் தட்டு அந்த டோ பாருக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய வண்டியில் அதனிடம் நான் பட்டதெல்லாம் கெண்டைக்காலில்தான். ராத்திரியில் டிக்கியைத் திறக்கப் போய் எத்தனை தடவை இடித்துக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

ஸ்வான் நெக்கையும் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். உயரம் மாற்றாத வண்டி, ஒற்றை அச்சு கேரவன், வருஷத்துக்கு நாலைந்து தடவை பயணம் என்றால் மூன்றில் அழகானதும் சத்தமில்லாததும் அதுதான். கழற்றி டிக்கியில் போட்டுவிட்டால் வண்டியில் டோ பார் இருப்பதே தெரியாது. கழற்றாமல் மாசக்கணக்கில் விட்டால் பூட்டு இறுகிவிடும், சாக்கெட்டுக்குள் மண் புகாமல் மூடி போட வேண்டும், அவ்வளவுதான்.

பாரத்தைப் பகிரும் ஸ்பிரிங் கம்பி வகைகளைப் பற்றி நீட்டி எழுத எனக்குத் தகுதியில்லை. வேறொருவர் வண்டியில் ஒரே ஒரு நாள் ஓட்டினேன், முன்பக்கம் நன்றாகவே உட்கார்ந்தது. சில வண்டிக் கம்பெனிகள் அதை வேண்டாம் என்கின்றன, சில குறிப்பிட்ட எடைக்கு மேல் கட்டாயம் என்கின்றன. மாட்டுமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். குண்டின் உயரம் தப்பாக இருப்பதை மூடி மறைக்க அதை வாங்காதீர்கள்.

ஒயரிங் எந்த வகைக்கும் ஒன்றே. டெயில் லேம்ப் ஒயரில் குத்தி எடுக்கும் மலிவு வேலை புது வண்டிகளில் சரிவராது. வண்டிக்கென்றே வரும் ஒயரிங் கிட் போட்டால் பின்னால் கேரவன் இருப்பது வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ரிவர்ஸ் சென்சார் கத்தாது, ஆட்டத்தை அடக்கும் வசதி வண்டியில் இருந்தால் அதுவும் வேலை செய்யும். வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி என்றால் கேரவன் பாட்டரிக்கு நடுவில் ஒரு டிசி சார்ஜரும் தேவைப்படும்.

அப்புறம் அவசர பிரேக் கம்பி, கேரவன் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கை இழுத்துப் போடும் கம்பி. அதைக் குண்டின் கழுத்தில் சும்மா சுற்றிவிடுவதைப் பலர் செய்கிறார்கள். டோ பாரில் அதற்கென்று ஒரு வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள். ரிசீவர் என்றால் அந்த வளையம் நாக்கில் இல்லாமல் வண்டியோடு இருக்கும் பாகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின் உருவி நாக்கே கேரவனோடு போய்விட்டால் நாக்கில் கட்டிய கம்பி யாருக்கு பிரேக் போடும்?

மாட்டி முடித்து 1000 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி பார்க்கச் சொல்லி என் டோ பாரோடு வந்த தாளில் எழுதியிருந்தது. சம்பிரதாயத்துக்கு எழுதியிருப்பார்கள் என்று நினைத்தபடியே வண்டிக்கு அடியில் படுத்தேன். இடது பக்க போல்ட் இரண்டும் கால் சுற்று போயின.