லியாண்டர் கிட்டும் நீலகிரி ஸ்பேர் பார்ட்ஸ் செட்டும் – வாங்கலாமா?

எங்க சித்தப்பா ஐஎன்எஸ் நீலகிரிங்கற நம்ம நேவி போர்க்கப்பல்ல பாய்லர் ரூம்ல இருந்தவரு. அந்தக் கப்பல குட்டி மாடலா செஞ்சு அவரு கையில குடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. நீலகிரின்னே கிட் எங்கயும் மாட்டல, அதனால பழைய 1/600 ஸ்கேல் (நிஜத்துல அறுநூறுல ஒரு பங்கு) எச்எம்எஸ் லியாண்டர்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாடல் கிட் ஒண்ணும், அதுக்கு ரெசின்ல பிரிண்ட் பண்ணின ஸ்பேர் பார்ட்ஸ் செட் ஒண்ணும் ஆன்லைன்ல வாங்கிட்டேன்.

நீலகிரி அந்த பிரிட்டிஷ் லியாண்டர் டிசைன்லதான் பம்பாய் மஸகான் டாக்ல கட்டினது, 1972 ஜூன்ல நேவில சேர்ந்துச்சு, நம்ம ஊட்டி மலை பேருதான். ஆனா லியாண்டர் அகலம் 41 அடி, நீலகிரி பின்னாடி வந்த அகல மாடல்ங்கறதால 43 அடி. இந்த ஸ்கேல்ல அது ஒரே ஒரு மில்லிமீட்டர், நான் அப்படியே விட்டுட்டேன், கண்ணுக்குத் தெரியல. கப்பலே 19 சென்டிமீட்டர் தான வருது.

கிட்ல ஹல் (கப்பலோட உடம்பு) நல்லா சேருது. துப்பாக்கியும் ரேடாரும்தான் மொத்தையா இருக்கு, அங்கதான் இந்த செட் காசுக்கு வொர்த். 4.5 இன்ச் ரெட்டைக் குழல் டரெட் (சுழலற பீரங்கிக் கூண்டு) அவ்ளோ ஷார்ப், சீகேட் ஏவுகணை லாஞ்சர் குட்டியா இருந்தாலும் நாலு ஏவுகணையும் தனித்தனியா தெரியுது, மாஸ்ட் மேல வர்ற 965 ரேடார் பித்தளைத் தகடுல கம்பி கம்பியா வருது, அத பிரிட்டிஷ் மாலுமிங்க கட்டில்னு சொல்லுவாங்களாம், பாத்தா அப்படியேதான் இருக்கு. வாஸ்ப் ஹெலிகாப்டருக்கு பதிலா சேத்தக்கும் உண்டு. டெக்கல்ல (ஒட்டற ஸ்டிக்கர்) லியாண்டரோட கப்பல் நம்பர் எஃப்109 போய் நீலகிரியோட எஃப்33 வருது.

எனக்குப் புடிக்காதது கூட வந்த குறிப்புத் தாள். நீலகிரி வகையில கட்டின ஆறு கப்பலும் ஒண்ணுதான்ங்கற மாதிரி எழுதிருக்காங்க, அது தப்பு. ரெண்டாவது கப்பல் ஹிம்கிரிலேருந்து டச்சு சிக்னால் கம்பெனி ரேடார் வந்துடுச்சு, தாராகிரி, விந்தியகிரி ரெண்டும் சீகிங் ஹெலிகாப்டருக்காக பின்பக்கமே மாத்தினது, அதுக்கு இந்த பார்ட்ஸ் செட் ஆகவே ஆகாது. நீலகிரி மட்டும் செய்யறவங்க தைரியமா வாங்குங்க, மத்ததுன்னா வாங்காதீங்க.

எனக்கு வந்த பாக்கெட்ல ஒரு குழல் ஒடஞ்சிருந்துச்சு, போட்டோ அனுப்பினேன், காசு கேக்காம புதுசா அனுப்பிட்டாங்க, ஆனா மூணு வாரம் ஆச்சு. ரெசின் வெட்டும்போது அவசரப்படாதீங்க, பொடிப் பார்ட்ஸ் தெறிச்சு ஓடிடும்.

நிஜக் கப்பல 1997ல ஏவுகணை சோதனைக்கு இலக்கா வச்சு கடல்லயே மூழ்கடிச்சுட்டாங்க, போய்ப் பாக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. போன ஞாயித்துக்கிழமை சித்தப்பாகிட்ட குடுத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம் புகைபோக்கிக்குக் கீழ விரல வச்சு, "இங்கதான்டா, இதுக்கு நேர் அடியில நின்னேன்"னாரு.