கேபலா, ஸ்டாக்கா: பதிப்பு எண்ணுக்கு யார் பொறுப்பு?

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழிப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. கேபல், ஸ்டாக் இரண்டும் நிரலைக் கட்டவும் அதற்கு வேண்டிய தொகுப்புகளை (பேக்கேஜ்களை) கொண்டுவரவும் உதவும் கருவிகள். கட்டளைகளை ஒப்பிட்டுப் பதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஸ்டாக்கும் உள்ளுக்குள் கேபல் நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறது. வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்று முடிவு செய்வது யார்?

கேபல் வழியில் அது தொகுப்பை எழுதியவரின் தலையில் விழுகிறது. தான் நம்பியிருக்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டையும் அவர் எழுதிவைக்க வேண்டும். ஹாஸ்கெல் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான ஹேக்கேஜில் இருப்பவற்றிலிருந்து பொருந்தும் கூட்டணியைக் கேபலின் சால்வர் என்ற பகுதி தேடிக்கொள்ளும். இதற்கு அடிப்படை பிவிபி என்ற பதிப்பு விதி. 1.4.2 என்றால் 1.4 வரை பெரும்பதிப்பு. இருக்கிற ஒரு ஃபங்ஷனின் டைப் மாறினாலே 1.5 ஆக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் கடைசி எண்ணைக் கூட்டினால் போதும். ஜாவாஸ்கிரிப்டின் தொகுப்புக் கருவியான என்பிஎம் பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அங்கே ^1.2.3 என்றால் 2.0-க்குக் கீழே எல்லாம் சரி. கேபலில் ^>=1.2.3 என்றால் 1.3-க்கு முன்பே கதவு சாத்தியாச்சு.

நல்ல ஒழுங்குதான், ஆனால் பராமரிப்பவருக்கு ஓயாத வேலை. ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சி 9.4-இலிருந்து 9.6-க்குப் போனால், அதோடு வரும் அடிப்படை நூலகமான பேஸ் 4.17-இலிருந்து 4.18 ஆகிவிடும். நிரலில் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லாத தொகுப்பும், மேல் வரம்பு பழையதாக இருந்தால் சேர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதற்காகவே ஹேக்கேஜில் ரிவிஷன் என்ற வசதி உண்டு: நிரலைத் தொடாமல் வரம்பை மட்டும் திருத்தலாம். ஆசிரியரை எட்ட முடியாவிட்டால் ஹேக்கேஜின் டிரஸ்டிகள் கைகொடுப்பார்கள். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர்களுக்கு, மேல் வரம்பைக் கண்டுகொள்ளாதே என்று கேபலிடம் சொல்லும் அலவ்-நியூவர் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும், பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

2015-இல் வந்த ஸ்டாக் இந்தச் சுமையை வேறு தோளுக்கு மாற்றியது. ஸ்டாக்கேஜ் குழு பல தொகுப்புகளை ஒன்றாகக் கட்டிப் பார்த்து, ஒத்துப்போகிறவற்றை ஒரே ஸ்னாப்ஷாட்டாக வெளியிடுகிறது. நீண்ட கால ஆதரவு உள்ள ஸ்னாப்ஷாட் வரிசைகளில் ஒன்றான எல்டிஎஸ் 22 என்று ஒரு வரி எழுதினால் ஜிஹெச்சி 9.6-உம் அதற்குப் பொருந்திய தொகுப்புகளும் வந்துவிடும். சால்வருடன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஸ்னாப்ஷாட்டில் இல்லாத தொகுப்பு வேண்டுமென்றால்தான் எக்ஸ்ட்ரா-டெப்ஸ் என்ற பட்டியலில் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

ஒரு தொகுப்பை நிறுவினால் இன்னொன்று உடையும் ‘கேபல் நரகம்’ பற்றி இன்னும் பேசுகிறவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள். 2019-இல் வந்த கேபல் 3.0-இலிருந்து தொகுப்புகளின் வெவ்வேறு பதிப்புகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் நிக்ஸ் பாணிக் கட்டுமானமே இயல்பு; ஒரு திட்டம் இன்னொன்றின் காலை மிதிப்பதில்லை.

நூலகம் எழுதி வெளியிடுகிறவருக்கு நான் கேபலைத்தான் சொல்வேன். வரம்பு எழுதாமல் ஸ்டாக்கை மட்டும் நம்பி ஹேக்கேஜில் ஏற்றினால் ஸ்டாக் பயனருக்கு ஒன்றும் தெரியாது, கேபல் பயனர்தான் மாட்டிக்கொள்வார். அலுவலகத்தில் ஐந்து பேர் ஒரே செயலியைக் கட்டுகிறீர்களா, ஸ்டாக் நிம்மதி. சரி, இரண்டும் வேண்டும் என்றால்? ஸ்டாக்கேஜ் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும் கேபலுக்கான கோப்பாகவும் தருகிறது. கேபல் 3.8-இலிருந்து அதன் முகவரியைத் திட்டக் கோப்பில் ஒரு இம்போர்ட் வரியாகப் போட்டுவிடலாம்.