கொலுப்படியில் ஒரு காகித நுண்ணோக்கி: ஃபோல்ட்ஸ்கோப் வாங்கலாமா?

காலாண்டுத் தேர்வு விடுமுறையும் நவராத்திரியும் ஒட்டி வருகிற நாள்களில், பொம்மைகளை அடுக்கி முடித்த மறுநாளே எங்கள் வீட்டில் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். மாலையில் சுண்டல் உண்டு, விருந்தாளிகள் உண்டு. பகல் முழுவதும் அவர்களுக்கென்று ஒன்றும் இராது. சென்ற நவராத்திரிக்கு வழக்கமான புதுப் பொம்மைச் செட்டுக்குப் பதிலாக, ஒன்பது வயது மகளுக்காக ஒரு ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினோம். பண்டிகை முழுவதும் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை இது.

ஃபோல்ட்ஸ்கோப் என்பது காகிதத்தை மடித்துச் செய்துகொள்ளும் நுண்ணோக்கி. மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷ், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் இதை உருவாக்கி, 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்களின் இலக்காக இருந்தது. நம் கைக்கு வந்து சேரும் விலை அதைப்போலப் பல மடங்கு என்றாலும், நாங்கள் வாங்கியது ஒரு நடுத்தரப் பொம்மைச் செட்டின் விலையைத் தாண்டவில்லை. கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு கண்ணாடி மணிதான் இதன் வில்லை. அது 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். ஏறத்தாழ இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும்.

140 மடங்குதானா என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு, பெட்டியின்மேல் 1200 மடங்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கியை வாங்கியிருந்தோம். அதில் எதை வைத்தாலும் பனிமூட்டத்தில் நிற்கும் தெருவிளக்கு மாதிரித்தான் தெரிந்தது. பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. பிரித்துக் காட்டும் திறன் இல்லாமல் மடங்கை மட்டும் கூட்டினால் மங்கலும் சேர்ந்தே பெரிதாகும். அது இப்போது பரண்மேல் இருக்கிறது.

இதை மடித்து முடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாளில் அச்சிட்டிருக்கும் பாகங்களைப் பிரித்தெடுத்து, கோடுகளின்மேல் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். சாதாரணக் காகிதம் போல எளிதில் கிழியாத, ஈரம் தாங்கும் தாள் என்பதால் இரண்டாம் முறை பிரித்து மடித்தபோதும் பழுதாகவில்லை. ஐந்து வயது மகன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். மகளோ, தானே மடித்தது என்பதால் கடைசிவரை அதை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வராமல் இருந்தாள். தயாராக வந்திறங்கும் கருவிகளில் இந்த உரிமை உணர்ச்சி கிடைப்பதில்லை.

முதல் நாள் பார்த்தது செம்பருத்தி. அம்பாளுக்குச் சாத்திய பூவிலிருந்து மஞ்சள் பொடியைத் தொட்டு, ஒட்டுத்தாளில் ஒற்றி வைத்தோம். செம்பருத்தியின் மகரந்தத் துகள் பூ வகைகளில் பெரியது. உடம்பெல்லாம் முள் நிறைந்த பந்தாகத் தெரியும். "பூவுக்குள்ள காட்டு நெருஞ்சி இருக்கு" என்று மகள் கத்தியதில் அடுப்படியிலிருந்து எல்லோரும் ஓடி வந்தோம். கீழ்ப்படியில் பூங்கா அமைப்பதற்காகக் கடுகும் கேழ்வரகும் விதைத்திருந்தோம். மூன்றாம் நாள் முளைவிட்ட கடுகு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேரைச் சுற்றி வெல்வெட்டுத் துணி போல நுண்ணிய தூவிகள்; நீரை உறிஞ்சுபவை அவைதான் என்று பாடப் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய எனக்கே அன்றுதான் அது கண்ணில் பட்டது.

ஆனால் இந்தக் கருவி உண்மையில் தன் விலைக்கு ஈடு செய்தது கோலப்பொடி விஷயத்தில். வாசலில் கோலம் போடுவது எறும்புக்கும் குருவிக்கும் உணவிடுவதற்காக என்று என் மாமியார் பேத்தியிடம் சொல்வது வழக்கம். கோலத்தை எறும்பு தின்னவே இல்லையே என்பது மகளின் நெடுநாள் குறை. கடையில் வாங்கிய கோலப்பொடியில் ஒரு சிட்டிகையையும், பச்சரிசி மாவில் ஒரு சிட்டிகையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். அரிசி மாவு, கொத்துக் கொத்தாகச் சேர்ந்த மிகச் சிறு மணிகளாகத் தெரிந்தது. கோலப்பொடியோ உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போல விளிம்பு கூராக மின்னிற்று. கடைகளில் கிடைக்கும் கோலப்பொடி பெரும்பாலும் வெள்ளைக் கல்லை அரைத்த மாவு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நானாகச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். மாவுச்சத்து இருந்த அரிசி மாவு கருநீலமாகியது; கல்மாவு அசையவில்லை. "பாட்டி, நீங்க எறும்புக்குக் கல்லைப் போடறீங்க" என்று தீர்ப்பு வந்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் இரண்டு ஆழாக்குப் பச்சரிசியை ஊறப்போட்டார்.

எட்டு நாளும் இப்படிப் போக, ஆயுத பூஜையன்று தகராறு. புத்தகங்களோடு நுண்ணோக்கியும் பூஜையில் வைக்கப்பட வேண்டும், மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது என்றதும் மகள் கேட்டாள்: சரஸ்வதிக்குப் படிப்பதுதானே பிடிக்கும், அவள் பூஜையன்று மட்டும் ஏன் படிக்கக் கூடாது? என்னிடம் பதில் இல்லை. "ஒரு நாளாவது அவ உட்கார்ந்து படிக்கட்டுமே கண்ணு, நீ நகர்ந்துக்கோ" என்றார் மாமியார். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது ஒரு நேரத்தில் ஒருவர் பார்ப்பதற்கான கருவி. கொலுவுக்கு வந்த பிள்ளைகள் ஆறு பேர் வரிசையில் நின்றபோது கடைசிப் பையன் அழுகைக்கே வந்துவிட்டான். காந்தத்தை ஒட்டிக் கைப்பேசியின் கேமராவோடு இணைத்தால் எல்லோரும் திரையில் பார்க்கலாம். ஆனால் அந்தச் சிறு காந்தம் விழுங்கும் அளவினது என்பதால் கைக்குழந்தை உள்ள வீட்டில் எண்ணி எடுத்து வைப்பது அவசியம். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இரு கட்டைவிரல்களாலும் காகிதத்தைத் தள்ளியும் இழுத்தும் தெளிவு வரவைப்பது பழகும்வரை எரிச்சல் தரும். கைநடுக்கம் உள்ள பெரியவர்களுக்குக் கடினம். வெளிச்சத்துக்காக வானத்தையோ விளக்கையோ நோக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே வாங்கித் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வயதுக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும். மகனுக்கு இப்போது அதுதான் கொடுத்திருக்கிறோம், அவன் வாழைப்பழத் தோலையே ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

விஜயதசமியன்று காலை பூஜையைப் பிரித்தபோதுதான், மாமியார் எல்லாப் பொருள்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்த கையோடு நுண்ணோக்கியின் கண்ணுக்கு நேராகவும் ஒரு பொட்டு வைத்திருந்தது தெரிந்தது. வில்லையின்மேல் சந்தனம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. நான் பதறினேன், ஈரப் பஞ்சால் ஒற்றியதும் சிறிது சிறிதாக வந்துவிட்டது. மகள் அந்தப் பஞ்சைத் தூக்கி எறிய விடாமல், அதிலிருந்த சந்தனத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, அன்றைய முதல் பாடமாக வைத்தாள். மெல்லிய மரச்சிராய்கள், ஊசி ஊசியாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதுவரை கண்ணில் புரை அறுவை செய்ததைச் சொல்லிச் சொல்லி மறுத்துவந்த மாமியார், கைப்பேசித் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "இது நான் கல்லில் இழைச்ச கட்டையா?" என்று கேட்டார். பிறகு பூஜை அறைக்குப் போய், கடையில் வாங்கி வைத்திருந்த சந்தனப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். "இதையும் வச்சுப் பாரு."