மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்: நாலு மாதம் உறிஞ்சிப் பார்த்தேன்

தக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 58. பீடி, சிகரெட் தொட்டதில்லை. போன தை மாதம் மகள் குடும்பத்தோடு மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்கப் போனோம். கீழே பறளியாற்றில் காலை நனைத்துவிட்டுப் படியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. பேரன் மேலே போய் நின்று கையாட்டுகிறான்.

நுரையீரலுக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் இதை 290 ரூபாய்க்கு வாங்கினேன். பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூன்று அறை, மூன்று நிறப் பந்து, ஒரு குழாய். அறைகளில் 600, 900, 1200 என்று போட்டிருக்கிறது. நொடிக்கு அத்தனை மில்லி காற்றை இழுத்தால் அந்தப் பந்து எழும்பும் என்று கணக்கு. ஒரு வாரம் தம் கட்டி ஊதினேன், ஒன்றும் அசையவில்லை. பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனால் கடைப் பையன் சிரிக்கிறான். “அண்ணாச்சி, இத ஊதக் கூடாது, உறிஞ்சணும்.” உள்ளே இருந்த துண்டுச்சீட்டில் எறும்பு எழுத்தில் ஆங்கிலம் மட்டும்தான். தமிழில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

உறிஞ்சினால் இரண்டு பந்து ஏறியது, மூன்றாவது நடுங்கியதோடு சரி. ஒரு மாதத்தில் அதுவும் கண்சிமிட்டும் நேரம் எழும்பியது. குழாய் சேரும் இடம்தான் மட்டம். இரண்டாம் மாதமே காற்று கசிந்தது, பைப்புக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றினேன். ஆனால் கடை மச்சுக்கு அரிசி மூட்டை ஏற்றினால் அதே இரைப்பு.

அப்புறம்தான் நெஞ்சு டாக்டரிடம் போனேன். அங்கே இருந்தது மூச்சை அளக்கும் நிஜ ஸ்பைரோமீட்டர். மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை நிறைய இழுத்து ஒரே தள்ளாக ஊத வேண்டும். ஆறு நொடிக்கு “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று அந்தப் பெண் பக்கத்தில் நின்று கத்துகிறாள். மூன்று தடவை. மொத்தமாக வெளியே வந்த காற்று என் வயது, உயரத்துக்கு இருக்க வேண்டியதில் 71 சதவீதம். அதில் முதல் நொடியிலேயே வந்துவிட்ட பங்கு 83 சதவீதம். இந்தப் பங்கு 70க்குக் கீழே போனால்தான் மூச்சுக்குழாய் அடைப்பாம். எனக்குக் குழாய் சுத்தம், நுரையீரல் பைதான் விரியவில்லை. எக்ஸ்ரேயிலும் தழும்பு எதுவும் இல்லை.

டாக்டர் மேசையிலிருந்து எடுத்தது தையல்காரர் டேப். இடுப்பு 106 சென்டிமீட்டர். நம் ஊர் ஆண்களுக்கு 90ஐத் தாண்டக் கூடாதாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210, பிரஷர் 140/90. இந்த நாலோடு நல்ல கொழுப்புக் குறைவையும் சேர்த்து ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும் கோளாறுகளின் கூட்டு. என்னிடம் நாலு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானத்தைத் தொப்பை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பாகம் விரிய இடமில்லை, படுத்தால் இன்னும் மோசம் என்றார். ராத்திரி இரண்டு தலையணை ஏன் கேட்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. வயிற்றுக் கொழுப்பு உண்டாக்கும் அழற்சிக்கும் சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கலாமாம். எது முதல், எது பின் என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறதாம்.

பந்து விஷயத்தைக் கேட்டேன். ஆபரேஷன் முடிந்தவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், அவர்களுக்குத்தான் அது என்றார். ஆகவே அந்தத் தேவைக்கு வாங்குகிறவர்கள் குழாயைப் பார்த்து வாங்குங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். என்னைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கு 20 ரூபாய் தையல் டேப் போதும்.

ராத்திரி மரச்சீனிக்கிழங்கை நிறுத்தினேன் (சாளை மீன் கறி மட்டும் உண்டு), நாலு மணி ஏத்தம்பழ பஜ்ஜியும் போயிற்று. காலையில் உதயகிரிக் கோட்டைப் பக்கம் நடை. இடுப்பு இப்போது 101. மறுபடி ஊதிப் பார்க்க ஆவணியில் வரச் சொல்லியிருக்கிறார்.

ஸ்பைரோமீட்டர் இப்போது பேரனிடம். வாய்க்குழலைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் கொடுத்தேன். ஒரே இழுப்பில் மூன்றையும் ஏற்றுகிறான், படவா.